தானா ஊத்திக்கக் கூடாது

வாங்க அம்மணி. செருப்ப அங்கயே விட்டுட்டு உள்ள வாங்க. நீங்கதான புதுசா வந்த செக்ரட்டரி, மூணாவது மாடி. வருவீங்கன்னு தெரியும். குமரேசு அசோசியேசன் குரூப்புல போட்ட மெசேஜ நானும் பாத்தேன். 'ஒன்பதாவது மாடியில் ஒரு பெண்மணி, வருவோர் போவோர் எல்லோரையும் மது ஊற்றச் சொல்லித் தொந்தரவு செய்கிறார்.' பெண்மணியாமா. சொந்த அண்ணன் பொண்டாட்டியப் பெண்மணின்னு எழுதறான். அண்ணின்னு எழுதுனா அவன் மானமும் சேந்து போயிருமில்ல.

உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், அது எங்கூட்டுக்காரரோடது. இதுல உக்காருங்க. வந்ததுதான் வந்தீங்க, ஒரு ஒத்தாசை பண்ணுங்க. இந்தப் பாட்டில எடுத்து இந்தக் கிண்ணத்துல சித்த ஊத்துங்க. பயப்படாதீங்க, உங்களுக்கு இல்ல, எனக்கு. உங்கள நான் ஒரு சொட்டு குடிக்கச் சொல்ல மாட்டேன்.

மாட்டீங்களா. சரி, போச்சாது. கிண்ணம் அப்படியே இருக்கட்டும். பேசி முடிக்கறதுக்குள்ள மனசு மாறுனாலும் மாறும்.

இல்லைங்க, நீங்க சொல்ல வேண்டாம், நான் சொல்றேன். குமரேசு சொல்லி இந்த பில்டிங்ல எல்லாரும் கேட்டாச்சு. எங்கிட்ட வந்து ஒருத்தரும் கேக்கல. கீரைக்காரியிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் என்ன ஒரு மாதிரி பாக்கறாங்க. பாக்கட்டும். நான் ஒண்ணும் தலையக் குனிஞ்சுட்டுப் போற ஆளில்ல. லிஃப்டுல போறப்ப கண்ணாடியப் பாத்து பொட்டச் சரி பண்ணிட்டுத்தான் போறேன்.

என்ற பேரு கருணாம்பிகை. அவரு பேரு தெய்வசிகாமணி, பம்புசெட்டு கம்பெனி வெச்சிருந்தாரு, வித்துட்டு இப்பச் சும்மா இருக்கறாரு. குமரேசு அவரோட தம்பி, இதே பில்டிங்ல எங்களுக்குக் கீழ இருக்கறான். எங்களுக்கு ஒரே பொண்ணு, கோகிலா. ஜப்பான்ல மிசின் கம்பெனியில வேலை. அங்கயே ஒரு பையனக் கட்டிக்கிட்டா, ஹிரோகின்னு பேரு. நல்ல பையன். சாப்பிட்ட தட்ட அவனே கழுவி வெச்சுருவான். அதப் பாத்துட்டு குமரேசு சொன்னான், 'பாவம், பையனுக்கு அவங்க ஊட்டுல வசதி பத்தாதாட்டம் இருக்குது'ன்னு. தட்டுக் கழுவறவன் ஏழையாத்தான் இருக்கோணும், அவன் கணக்குக்கு.

சத்தமா? அது ஒண்ணுமில்லைங்க. அவருதான் உள்ள என்னத்தையோ உருட்டறாரு. மாத்திரை தேடுவாராட்டம். இந்த ஊட்டுல எது எங்க இருக்குதுன்னு அவருக்கு எப்பத் தெரிஞ்சுது.

போன தைப்பொங்கல் நோம்பிக்கு கோகிலாவும் மாப்பிள்ளையும் வந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மாவும் கூட வந்தாங்க, எமிகோ அம்மா. அவங்க ஊட்டுக்காரரு இல்லைங்க, தவறிட்டாரு. என்ற வயசுதான் இருக்கும். சின்ன உருவம். கையில ஒரு துணி மூட்டை. அதப் பிரிச்சா இந்தப் பாட்டிலுங்க. கூடவே ஒரு குடுவை, சொப்பு மாதிரி சின்னச் சின்னக் கிண்ணம். சாக்கேன்னு பேரு. அவங்க ஊருப் பக்கத்துல தலைமுறை தலைமுறையாப் போடறாங்களாமா. சம்மந்தி ஊட்டுக்கு வெறுங்கையோட வரக்கூடாதுன்னு தூக்கிட்டு வந்திருக்காங்க. நாம சீர்தட்டுல வாழப்பழம் வெச்சுக் கொண்டுபோறமில்ல, அப்படி.

அரிசியில செய்யறதுங்க. அரிசி, தண்ணி, அதுல பூஞ்சை மாதிரி ஒண்ணு ஏத்தறாங்க, அவ்வளவுதான். பழைய சோத்துல நீராகாரம் எடுக்கறமில்ல, அந்த வாசம்தான் மொதல்ல மூக்குல ஏறும். நீராகாரத்துக்கு ஒண்ணுவிட்ட அக்கான்னு வெச்சுக்குங்க. அக்காவுக்குக் கொஞ்சம் வீரியம் எச்சு, அத நான் இல்லைன்னு சொல்லல.

அன்னைக்குச் சாயங்காலம் விருந்து. நானே சமைச்சேன். இடியாப்பம் மாதிரிப் புழிஞ்ச சந்தகை, தேங்காப்பால், பள்ளிபாளையம் கோழி, கொள்ளுப் பருப்பு, அரிசிம்பருப்புச் சோறு, ரசம். மேசையில வாழை இலை போட்டு, அவரு, குமரேசு, மாப்பிள்ளை, கோகிலா, எமிகோ அம்மா எல்லாரும் உக்காந்தாங்க. நான் பரிமாறிட்டு நின்னேன். இதுல ஒண்ணும் அதிசயமில்ல. நான் நிக்கறதுதான் வழக்கம்.

எமிகோ அம்மா சித்த நேரம் என்னையே பாத்துட்டு இருந்தாங்க. அப்பறம் எந்திரிச்சு வந்து, என்ற கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி, அவங்க பக்கத்துல உக்கார வெச்சுட்டாங்க. ஒரு கிண்ணத்த என்ற கையில குடுத்தாங்க. பாட்டில ரெண்டு கையிலயும் புடிச்சுட்டு, தலையச் சாச்சு, சொட்டுச் சிந்தாம ஊத்துனாங்க. கோகிலா சொன்னா, 'அம்மா, அங்க யாரும் தானா ஊத்திக்கக் கூடாது. பக்கத்துல இருக்கறவங்கதான் ஊத்தோணும். அப்பறம் நீங்க அவங்களுக்குத் திருப்பி ஊத்தோணும். ஒரு வாய் வெச்சுட்டு கீழ வெச்சுருங்க, போதும்'னு. சொல்லிட்டு அவளும் மாப்பிள்ளையும் கார்ல இருக்கற மிச்சப் பாட்டில எடுத்துட்டு வர்றோம்னு கீழ போனாங்க.

போனவங்க லிஃப்டுல மாட்டிக்கிட்டாங்க. உங்க அசோசியேசன் லிஃப்டுதானுங்க. அரை மணி நேரத்துக்கு மேல உள்ளயே நின்னாங்க. அதுக்கு யாராவது ஊடு ஊடா வந்து வெசாரிச்சீங்களா? சரி, நீங்க அப்பச் செக்ரட்டரி இல்ல. போச்சாது.

இப்ப என்னாச்சுன்னா, பாசை தெரிஞ்ச ரெண்டு பேரும் லிஃப்டுல. நானும் எமிகோ அம்மாவும் இங்க. நான் ஒரு வாய் குடிச்சேன். வாய் வெச்சத எப்படிங்க மிச்சம் வெக்கறது? நம்ம ஊட்டுல இலையில ஒரு பருக்கை மிச்சம் வெச்சா மரியாதை இல்ல. அதனால முழுசாக் குடிச்சுட்டு வெச்சேன். அவங்க உடனே ஊத்துனாங்க. அதையும் முடிச்சேன். மறுபடியும் ஊத்துனாங்க. அவங்க ஊர் வழக்கம் எனக்கு அப்பறந்தான் தெரிஞ்சுது. போதும்னா கிண்ணத்த நெறைய வெச்சுட்டுச் சும்மா இருக்கோணுமாமா. காலியா வெச்சா, இன்னும் ஊத்துன்னு அர்த்தம்.

அவங்க நெலமை அதுக்கு மேல. அவங்களும் மிச்சம் வெக்க மாட்டாங்களாமா. இலை காலியானா நாம சும்மா இருப்பமா? சந்தகை வெச்சேன். சாப்பிட்டாங்க. மறுபடி வெச்சேன். போதும்னா இலைக்கு மேல கையக் குறுக்க வெக்கோணும்னு அவங்களுக்கு யாரு சொல்றது. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் மதிச்சு மதிச்சு, அவங்களுக்கு மூச்சு முட்டுது, எனக்குக் காது சுடுது. அவங்க நெத்தியில வேர்வை. நான் என்னமோ சிரிச்சுட்டே இருக்கறேன். மேசைக்கு அந்தப் பக்கம் ரெண்டு ஆம்பளைங்க, கைய இலையில வெச்சுட்டு இதப் பாத்துட்டே இருக்கறாங்க.

சாமி சத்தியமாச் சொல்றேன் அம்மணி, அவ்வளவு சொகமா நான் ஒரு மேசையில உக்காந்ததே இல்ல.

அப்பத்தான் குமரேசு வாயத் தொறந்தான். 'அண்ணி, போதும் வெளையாட்டு. எந்திரிச்சு வந்து ரசம் ஊத்துங்க.'

ரசப் பாத்திரம் அவன் முழங்கைக்குப் பக்கத்துல இருக்குது. கரண்டி அதுக்குள்ளயே இருக்குது. எட்டிக்கூட எடுக்க வேண்டாம்.

நான் சொன்னேன், 'நீங்களே ஊத்திக்குங்க குமரேசு.'

அவன் சிரிச்சான். அவரப் பாத்து, 'அண்ணா, ஏறிப்போச்சு'ன்னான்.

ஏறலைங்க. இப்பவும் சொல்றேன், ஏறல. சொன்னது அத்தனையும் எனக்கு நெனவு இருக்குது, எழுத்துக்கு எழுத்துச் சொல்லட்டுமா? 'இந்த ஊட்டுக்கு வந்த நாள்லயிருந்து என்ற தட்டுல ஒருத்தரும் ஒரு கரண்டி ரசம் ஊத்துனதில்ல. இந்தம்மா யாரோ எவரோ, பாசைகூடத் தெரியாது, வந்த அன்னைக்கே எனக்கு ஊத்துது. இன்னைக்கு நான் எந்திரிக்க மாட்டேன்.' இதத்தான் சொன்னேன். அதோட நின்னிருந்தா குமரேசு மறந்திருப்பான். நான் அவரப் பாத்துத் திரும்பி, இன்னொண்ணும் சொன்னேன்.

எனக்குக் கர்ப்பப்பை எடுத்தாங்க, கோகிலா அப்பக் காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தா. எங்க பக்கம் ஒடம்புக்கு முடியாதவங்களுக்கு செலவு ரசம் வெச்சுக் குடுப்பாங்க. மல்லி, சீரகம், மொளகு, சித்தரத்தை, திப்பிலின்னு சாமான் எல்லாம் வறுத்து அரைச்சு வெக்கறது. ஆஸ்பத்திரியிலிருந்து ஊட்டுக்கு வந்து கட்டில்ல படுத்திருக்கறேன். அவரு வந்து வாசப்படியில நின்னாரு. 'ரசம் வெக்க முடியுமா, இல்ல கடையில வாங்கிக்கட்டுமா?'ன்னு கேட்டாரு. அவரு கத்தல, மெரட்டல. மெதுவாத்தான் கேட்டாரு. நான் எந்திரிச்சேன். தையல் இழுக்க இழுக்க, சொவரப் புடிச்சுட்டுப் போயி, எனக்குக் குடுக்க வேண்டிய செலவு ரசத்த நானே வெச்சு, அவருக்கு ஊத்திட்டு, அப்பறம் நான் குடிச்சேன்.

இத மேசையில சொல்லிட்டேன். சம்மந்தியம்மா முன்னால. அவங்களுக்கு ஒரு வார்த்தை புரியல. ஆனா என்ற கிண்ணத்துல ஊத்தறத நிறுத்திட்டு, என்ற முதுகுல கைய வெச்சுட்டாங்க. கோகிலாவும் மாப்பிள்ளையும் மேல வந்தப்ப, ரசம் அப்படியே ஆறிக் கெடந்துது. அவரு கை கழுவிட்டுப் போயிப் படுத்துக்கிட்டாரு.

அன்னையிலிருந்து எங்கிட்டப் பேச்சுக் கொறவு. சாப்பாட்டு நேரத்துக்கு வருவாரு, சாப்பிடுவாரு, போவாரு. குமரேசுதான் பேசறான். அவனோட சின்னப் பையன் கல்யாணம் வருதில்ல, வைகாசியில. நான் நாலு பேரு முன்னால மன்னிப்புக் கேட்டாத்தான் பத்திரிகை வெப்பானாமா. நான் கேட்டேன், 'எதுக்குக் கேக்கோணும், குடிச்சதுக்கா, சொன்னதுக்கா?' குடிச்சதுக்குன்னு சொல்லட்டும், யோசிக்கறேன். சொன்னதுக்குன்னா, பொய் எதுன்னு காட்டட்டும். குடியப் பத்தி ஊரே பேசுது அம்மணி. நான் என்ன சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் பேசல.

என்ன பாக்கறீங்க? வாசமா? ஆமா, தாளிப்புத் தீயுது. எட்டாவது மாடியில புதுசாக் கல்யாணமான ஜோடி ஒண்ணு வந்திருக்குது. அந்தப் புள்ளைக்கு இன்னும் கை பழகல. கடுகு வெடிக்கறதுக்குள்ள மொளகாயப் போட்டா அப்படித்தான். பழகிக்கும்.

எமிகோ அம்மா போறப்ப பாட்டில எல்லாம் எங்கிட்டயே விட்டுட்டுப் போனாங்க. பிரிட்ஜுல வெச்சேன். நான் யோசிச்சுப் பாத்தேன். ஒரு நாள் குடிச்சா 'உளறுனா'ன்னு சொல்லுவாங்க. வாராவாரம், சனிக்கிழமை சாயங்காலம், வெளக்கு வெச்சதுக்கப்பறம், மேசையில துணி விரிச்சு, தட்டு வெச்சு, ஒரே ஒரு கிண்ணம், நிதானமாக் குடிச்சா என்ன சொல்லுவாங்க? பாக்கலாம்னு இருந்தேன்.

மொத சனிக்கிழமை ரெண்டு கிண்ணம் வெச்சேன். அவரக் கூப்பிட்டேன். 'ஊத்துங்க'ன்னேன்.

அவரு பாட்டிலப் பாத்துட்டு நின்னாரு. 'நான் பாட்டிலத் தொட மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?'ன்னாரு.

தெரியுமுங்க. அவங்கப்பா குடிச்சே தோட்டத்த அழிச்சவரு. அவங்கம்மா இவரக் குலசாமி கோயில்ல நிறுத்தி சத்தியம் வாங்கியிருக்காங்க, சாராயப் பாட்டில் கையில படக் கூடாதுன்னு. அதக் காப்பாத்தறாரு. அதுல நான் குத்தஞ் சொல்லல. நான் கேட்டது வேற. 'தெரியும். அப்ப என்ன பண்ணப் போறீங்க?'ன்னு கேட்டேன். உள்ள போயிட்டாரு. அதுக்கப்பறம் அவருக்குக் கிண்ணம் வெக்கறேன், ஆனா கவுத்து வெக்கறேன். பாருங்க, அதான் அந்தக் கிண்ணம்.

அப்ப எனக்கு யாரு ஊத்தறது? தானா ஊத்திக்கக் கூடாதுன்னு சட்டம். சட்டம்னா சட்டந்தான். வேலியப் போடறதே நாமதான், அத நாமளே தாண்டறதா? அந்த வாரம் சிலிண்டர் போட வந்த தம்பிகிட்ட கேட்டேன். அவன் மொதல்ல முழிச்சான், அப்பறம் கையத் தொடச்சுட்டு ஊத்துனான். அடுத்த வாரம் கொரியர்காரர். அதுக்கடுத்த வாரம் கொசுப்புழு பாக்க வந்த கார்ப்பரேசன் பொண்ணு. அது ரொம்ப அழகா ஊத்துச்சு, ஊத்திட்டு, 'நல்லா இருங்கம்மா'ன்னு சொல்லிட்டுப் போச்சு. ஒருத்தருக்கும் நான் ஒரு சொட்டுக் குடுக்கல. முறுக்குக் குடுத்தேன், தண்ணி குடுத்தேன். இதத்தான் குமரேசு தொந்தரவுன்னு போட்டிருக்கான்.

இது குடிகாரி பேச்சுன்னு நெனைக்காதீங்க. என்னோட சேந்து சித்த ருசி பாத்தீங்கன்னா உங்களுக்கே தெரியும், இதுல எத்தனை நெளிவு சுளிவு இருக்குதுன்னு. சாக்கே எல்லாம் ஒண்ணில்ல. இந்த நீளப் பாட்டில் பழ வாசம் அடிக்கும், சீதாப்பழம் மாதிரி. இத எடுத்து நான் நாட்டுக்கோழிக் கொழம்போட வெச்சேன். கொழம்புக்கு முன்னால அது வாயே தொறக்கல. வெறும் பச்சத்தண்ணியாப் போச்சு. கோழி மேல தப்பில்ல, அதும் மேலயும் தப்பில்ல, சேத்து வெச்ச என்ற மேல தப்பு. அடுத்த வாரம் வெள்ளரிப் பிஞ்சு நறுக்கி உப்புத் தூவி வெச்சேன், சக்கரை போடாத தேங்காப்பால்ல சந்தகையத் தொட்டுக்கிட்டேன். அப்பத்தான் அது பேச ஆரம்பிச்சுது.

இந்தக் குட்டைப் பாட்டில் முறுக்கமானது, இனிப்பே இருக்காது. இதச் சில்லுன்னு குடிச்சுட்டு எலுமிச்ச ஊறுகாயத் தொட்டேன் பாருங்க, வாய் முழுக்க ஊசி குத்துன மாதிரி. ஊறுகாயோட இதச் சேக்கவே கூடாது. இதச் சூடு பண்ணோணும். குடுவையில ஊத்தி, சுடுதண்ணிக்குள்ள எறக்கி வெக்கோணும், கொழந்தைக்குப் பால் பாட்டில் வெக்கற பதத்துல. வெதுவெதுன்னு ஆனதும், கொள்ளுப் பருப்பு, வறுத்த நெத்திலிக் கருவாடு. அம்மணி, கருவாட்டு உப்புக்கும் அந்தச் சூட்டுக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். கருவாடு வாசத்துல குமரேசு பொண்டாட்டி ஜன்னல மூடுனா. மூடட்டும்.

அப்பறம் இது, வெள்ளையா, அரிசி கழுவுன தண்ணி மாதிரி கலங்கி இருக்குதில்ல, இதான் கடைசிப் பாட்டில். இது இனிப்பு. இதுக்கு ஒறப்பு வேணும். பள்ளிபாளையம் கோழி, வரமொளகா வெதை நாக்குல எரியறப்ப இத ஒரு வாய். எரிச்சல் அப்படியே படுத்துக்கும். இதக் கண்டுபுடிச்ச அன்னைக்கு எமிகோ அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுத் தட்டக் காட்டுனேன். நான் பேசறது அவங்களுக்குப் புரியாது, அவங்க பேசறது எனக்குப் புரியாது. அவங்க அங்க உக்காந்துட்டு ஒரு கிண்ணத்தத் தூக்கிக் காட்டுனாங்க. அவங்களுக்கு யாரு ஊத்தறாங்களோ, தெரியல. கேக்கத் தெரியல எனக்கு.

ஒரே ஒரு விசயத்துல அவங்களோடயும் எனக்கு ஒத்து வரல. சாக்கேயே அரிசி, அதனால அதக் குடிக்கறப்பச் சோறு திங்கக் கூடாது, சோறு கடைசியிலதான் வரோணும்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லிவிட்டாங்க. நான் அரிசிம்பருப்புச் சோத்துல நெய் விட்டு, சூடா அந்தக் குட்டைப் பாட்டிலோட சாப்பிட்டுப் பாத்துட்டேன். நல்லாத்தான் இருக்குது. கொங்கு நாட்டுக்காரிக்குச் சோத்துக்கு நேரம் காலம் அவங்க சொல்ல வேண்டியதில்ல. அதையும் மாப்பிள்ளைகிட்டச் சொல்லிவிட்டுட்டேன்.

அவரா? அவரு என்ன பண்ணுவாரு. சனிக்கிழமையானா உள்ள போயி உக்காந்துக்குவாரு. அந்த மனுசன் இப்ப எல்லாமே ஏறுக்கு மாறாப் பண்றாரு. காலையில எந்திரிச்சுப் பாக்கறேன், ஒரு கூடைச் சின்ன வெங்காயம் உரிச்சு வெச்சிருக்காரு, பாதி வெங்காயத்தத் தோலோட சேத்து உரிச்சுட்டாரு. பொழுது போகலயாட்டம் இருக்குது. ஒரு நாள் மார்க்கெட்டுக்குப் போயி நெத்திலிக் கருவாடு வாங்கிட்டு வந்தாரு, நான் சொல்லவே இல்ல. கருவாடு கேட்டா பச்சை மீனு வரும், இவருகிட்டக் கேக்காமயே கருவாடு வருது. போன சனிக்கிழமை பாக்கறேன், அடுப்புல சுடுதண்ணி கொதிச்சுட்டு இருக்குது. குளிக்க வெச்சு மறந்துட்டாராட்டம். சரி, வீணாப் போக வேண்டாம்னு நான் குடுவைய அதுல எறக்கி வெச்சுக்கிட்டேன். வயசாச்சில்ல, மறதி.

ஆனா ஊத்த மட்டும் வர மாட்டாரு. சிலிண்டர்காரத் தம்பி ஊத்தறப்ப அந்தக் கதவோரமா நின்னு பாத்துட்டே இருந்தாரு. பாக்கறதுக்கு மட்டும் வருவாரு.

இப்ப நீங்க என்ன சொல்றீங்க? ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல, இனிமே இப்படிச் செய்ய மாட்டேன்னு நான் சொல்லோணுமா? சொன்னா குமரேசு விட்டுருவானா? சொல்ல மாட்டேங்க. மீட்டிங்குக்கு வர்றேன். பட்டுச் சேலை கட்டிட்டு வர்றேன். அவன் கேக்கறத எல்லாரு முன்னாலயும் கேக்கட்டும். அவன் முழங்கைக்குப் பக்கத்துல ரசப் பாத்திரம் இருந்ததையும் சேத்து நான் சொல்றேன். என்ற ஊட்டுக்குள்ள, என்ற மேசையில, எனக்கு ஒருத்தர் ஊத்தோணும்னு நான் ஆசப்படறேன். அதுக்கு எந்த அசோசியேசன்ல அனுமதி கேக்கோணும்?

நல்ல புள்ளைங்க நீங்க. கையப் பாட்டில் பக்கம் கொண்டு போறீங்க, பின்னால இழுத்துக்கறீங்க. ஊத்துனா உங்க மேலயும் குரூப்புல போடுவானோன்னு யோசிக்கறீங்க. போடுவான். அதனால யோசிச்சே ஊத்துங்க, அவசரமில்ல.

யாரு... ஏனுங்க, என்ன இது, கையில?

அம்மணி, நகந்துக்குங்க, சூடு. சாமி, பூசைத் துண்ட எடுத்துப் பாத்திரம் புடிச்சிருக்காரு. நெத்தியில பாருங்க, கரி. அந்தத் தீஞ்ச வாசம் எட்டாவது மாடி இல்லையா அப்ப? பாவம், அந்தப் புள்ளைய வேற சொல்லிட்டேன்.

என்னங்க இது. செலவு ரசமா?

பாருங்க அம்மணி. என்ற கிண்ணத்தத்தான் எடுக்கறாரு. ஏனுங்க, அது சாக்கே கிண்ணம், டம்ளர் அங்க இருக்குது. காதுல வாங்கல. ஊத்தறாரு. ரெண்டு கையிலயும் புடிச்சிருக்காரு, பாத்திரம் சூடு போல. தலைய வேற சாய்க்கறாரு. எதுக்குச் சாய்க்கறாரோ. மேசையெல்லாம் சிந்துது.

இருங்க அம்மணி, குடிச்சுட்டுச் சொல்றேன்.

திப்பிலி எச்சு. மொளகு அரையவே இல்ல, முழுசா இருக்குது. பூண்டத் தோலோட போட்டிருக்காரு. உப்பு, போடவே இல்லையாட்டம். இத ரசம்னு சொன்னா ரசத்துக்கே கோவம் வரும்.

என்ற கண்ணுல தண்ணி வந்தா அது திப்பிலி. நீங்க வேற எதையும் நெனச்சுக்க வேண்டாம்.

ஏனுங்க, எதுக்கு அந்தக் கவுத்து வெச்ச கிண்ணத்தப் பாக்கறீங்க? மொறப்படி இப்ப நான் உங்களுக்குத் திருப்பி ஊத்தோணும். ஊத்த மாட்டேன். நான் ஊத்த வேண்டியதெல்லாம் முன்னாடியே ஊத்தியாச்சு. நீங்க உக்காரவும் வேண்டாம், அப்படியே நில்லுங்க.

நீங்க கெளம்புங்க அம்மணி. பாட்டில மூடி வெச்சுருங்க, இன்னைக்கு அது வேண்டாம். கீழ போறப்ப குமரேசு கதவத் தட்டிச் சொல்லிட்டுப் போங்க, அண்ணி இன்னைக்கும் குடிக்கறா, அண்ணன்தான் ஊத்தறாருன்னு.

ஏனுங்க, கிண்ணம் காலி. பாத்துட்டே நிக்காதீங்க. காலியானா ஊத்தோணும், நான் நெறைய வெச்சுட்டுச் சும்மா இருக்கற வரைக்கும் ஊத்தோணும். நான் மிச்சம் வெக்கற ஆளில்லைன்னு உங்களுக்குத் தெரியுமில்ல.